அறுபது அங்குலப் புல்வெட்டி

எங்கள் குட்டி டிராக்டருக்கு எத்தனை அங்குலப் புல்வெட்டி வாங்குவது என்று எனக்கும் என் கணவன் ஆர்பினுக்கும் மூன்று வாரம் சண்டை. சர்ச் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது பதினாறு வருடமாக அவன் பொறுப்பு. கையால் தள்ளும் மெஷினைத் தள்ளித் தள்ளி முழங்கால் தேய்ந்துவிட்டது. மே மாதக் கடைசி ஞாயிறு கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். எங்கள் கென்டக்கியிலிருந்து ஒஹாயோவுக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்குப் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். புல் கணுக்காலுக்கு மேல் நின்றால் மானம் போவது எங்களுக்குத்தான்.

கடைக்காரர் கார்னெட் ஆர்பினோடு படித்தவர்.

"கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல எவ்வளவு இடம்? குறுகலான இடத்தை அளந்தியா?"

"அறுபத்திரண்டு அங்குலம்."

"அப்ப நாப்பத்தெட்டு எடு. டிராக்டர் வயித்துக்கு அடியில மாட்டுறது. பின்னால இழுக்குறது வேணாம், திரும்பறப்ப வாலை வீசி எவன் பாட்டன் கல்லையாவது சாச்சிடும்."

"வயித்துக்கு அடியிலேயே குடு. ஆனா அறுபது. அறுபத்திரண்டுல அறுபது போகாதா?"

"வெட்டுற அகலம்தான்யா அறுபது. புல்லைத் துப்புற மூடி பக்கத்துல ஒரு அடி நீட்டிக்கிட்டு நிக்கும்."

"அவரு சொல்றதைக் கேளேன் ஆர்பின்" என்றேன்.

"நீ சும்மா இரு லொரீன். மூடியைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டிக்குவேன்."

பிடித்த பிடி விடாத ஆள். அறுபதுதான் வீட்டுக்கு வந்தது.

தோட்டத்தில் தேவதாரு மரத்தடியில் குழந்தைகள் வரிசை. ஆறு கல்லறை. பெயர் வெட்டிய கல் வாங்க வழியில்லாத காலத்தில், ஓடையிலிருந்து எடுத்துவந்து நட்ட வெறும் கற்கள். மரத்திலிருந்து மூன்றாவது என் ஓபல். ஒரு ஜனவரியில் பிறந்து ஒரே நாள் இருந்தாள். நான் டவுன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். ஆர்பின்தான் தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்தான். முப்பத்தெட்டு வருடமாக அந்த மூன்றாவது கல்லுக்குக் காகிதப் பூ வைக்கிறேன்.

பூ நாளுக்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலை, அவனுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். குழந்தைகள் வரிசையில் ஒரு கல்கூட இல்லை. ஆறும் வேலியோரம் குவிந்து கிடந்தன.

"மூடியைக் கட்டியும் போகலை" என்றான். "அதான் நேத்துப் புடுங்கி வெச்சேன். வெட்டி முடிச்சதும் நட்டுடலாம். அடியில சாக்பீஸ்ல நம்பர் போட்டிருக்கேன்."

ராத்திரி மழை கொட்டியிருந்தது. ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். நம்பர் எதுவும் இல்லை. குழிகளும் சேறாகி மூடிக்கொண்டிருந்தன.

"உனக்குப் புத்தி இருக்கா? ஊரான் பிள்ளைங்க கல்லு போதாதுன்னு ஓபல் கல்லையுமா புடுங்குன?"

அவன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். என் பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்று இனி யாரைக் கேட்பேன்?

மரத்தடியிலிருந்து அந்த வரிசை மேலேயே வெட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கஜம் போனதும் பிளேடு நின்றது. எஞ்சின் ஓடுகிறது, டிராக்டர் நகர்கிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை. இரண்டடி தாண்டியதும் தானாகச் சுற்றியது.

"பெல்ட் புதுசு, வழுக்குது" என்றான். திரும்பி வந்தான். அதே இடத்தில் நின்றது. இரண்டடி நீளத்துக்குப் புல் அப்படியே நின்றது. ஒரு சின்னப் பெட்டியின் அளவு.

இறங்கி பெல்ட்டைப் பார்த்தான், பிளேடைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. மேலே போனான். இரண்டாவது இடத்திலும் நின்றது. பட்டப்பகல், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கல் போனால் என்ன, புல்லே இடம் காட்டுகிறதே. அடுத்தது என் ஓபல்.

அடுத்தது வரவில்லை. பிளேடு நிற்காமல் சீறிக்கொண்டே போனது. அதற்கப்புறம் மூன்று இடத்தில் நின்றது. திரும்பி வெட்டச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். ஐந்து இடத்தில்தான் புல் நின்றது. மூன்றாவது இருக்கவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

ஆர்பின் எஞ்சினை அணைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓபல் எங்கடா?"

"அந்த ஜனவரி உனக்குத் தெரியாது லொரீன். நிலம் இரும்பா உறைஞ்சு கிடந்துச்சு. கடப்பாரை மூணு அங்குலம்கூட இறங்கலை. பெட்டியைப் பக்கத்துல வெச்சிட்டு இருட்டற வரைக்கும் குத்துனேன். உறையாத மண்ணு எனக்குத் தெரிஞ்சு ஒரு இடத்துலதான் இருந்துச்சு."

"எங்க?"

"நம்ம புகையிலைக் கொட்டகையில. உள்பக்கம், கடைசி மூலை. நீ இடிஞ்சுபோயிடுவேன்னு இங்க ஒரு கல்லை நட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரலை."

அவனை அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன். அவன் தடுக்கவில்லை. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தேன். அவன் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

அந்தக் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. கடைசி மூலையில் பழைய பலகைகள் அடுக்கியிருக்கும். இத்தனை வருடத்தில் என்னை அவன் அந்தப் பக்கம் விட்டதில்லை, பாம்பு இருக்கிறது என்பான். பலகைகளை நானே இழுத்துப் போட்டேன்.

வெயிலே படாத அந்த மண்ணில், இரண்டடி நீளத்துக்குப் பச்சைப்புல் முழங்கால் உயரம் நின்றது.

"வருஷா வருஷம் வசந்தத்துல வந்துடும்" என்றான் ஆர்பின். "நீ பார்த்துடக் கூடாதுன்னு நான்தான் அரிவாளால வெட்டிடுவேன். முப்பத்தெட்டு வருஷமா வெட்டறேன். இந்த வருஷம் முழங்கால் மடங்கலை."

நான் மண்ணில் உட்கார்ந்து புல்லின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"இனிமே இதை வெட்டாத" என்றேன்.