இனிஷல் பிழை

மகன் சுலக்சனின் உடம்பில் இன்சுலின் உருவாவதேயில்லை என்றுதான் துஷாந்தி நான்கு வருடங்களாக நினைத்திருந்தாள். அது பிழை என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர்.

"உடம்பின்ர கலத்துக்குள்ள புதிசாச் செய்யிற புரதத்துக்கு முன்னால ஒரு துண்டு இருக்கும், எங்கட பேருக்கு முன்னால இனிஷல் மாதிரி. அதை அடையாளம் பாத்துத்தான் அகமுதலுருச் சிறுவலையெண்ட உள்ளறையின்ர வாசலுக்குக் கொண்டுபோறது. உள்ள போனதும் துண்டை வெட்டிப்போடும். மகன்ர இன்சுலினுக்கு அந்த இனிஷலில ஒரு எழுத்துப் பிழை. வாசல் திறக்காது. செய்ததெல்லாம் வெளியில கிடந்து வீணாப்போகுது."

பிறகு அவளுடைய கணவன் பிரதாபனைப் பார்த்தார்.

"இது உங்களிட்டயிருந்து வந்தது. உங்கட ரத்தத்திலயும் அதே பிழை. உங்களுக்கு மெல்லிசா, அவனுக்குக் கடுமையா."

பண்ணைப் பாலத்தில் பஸ் ஓடுகையில் துஷாந்திக்கு நெஞ்சு லேசானது. பிள்ளையின் வருத்தம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு ஒரு தாய் சந்தோஷப்படலாமா? பட்டாள். 'உன்ர வயித்துக் கோளாறு' என்று மாமி யோகம்மா சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் சேர்த்துப் பட்டாள். வேலணையில் இறங்கியதும் டொக்டரின் உவமையோடு மாமிக்கு எல்லாம் சொன்னாள்.

"இனிஷல் பிழையோ?" என்றாள் யோகம்மா. வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் சங்கக்கடையில் அயல்வீட்டு ஜெனீற்றா அவளை ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, உங்கட பெடியன்ர இனிஷல் பிழையாம். டொக்டரே சொன்னவராமெண்டு உங்கட மாமி சொல்லித் திரியிறா."

வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"மாமி, என்ன கதைச்சனீங்கள்?"

"நீ சொன்னதைத்தான் சொன்னனான். கோபிகாவைப் பாக்க ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வருகினம். எங்கட ரத்தத்தில வருத்தமெண்டு தெரிஞ்சா என்ர மகளை ஆர் கட்டுவினம்? மருமகளின்ர பழி எங்களுக்கு ஒட்டாது."

துஷாந்தி இன்சுலின் ஊசியை எடுத்தாள்; பிரதாபன் மகனின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் சொல்லுங்கோ. அந்தப் பிழைதானே அவன் உங்கட பிள்ளையெண்டதுக்குச் சாட்சி!"

"தங்கச்சின்ர அலுவல் முடியட்டும், பொறும்."

"அதுவரைக்கும் நான் ஆர்?"

அவன் பிடியை இறுக்கினான். "கெதியாப் போடும். துடிக்கிறான்."

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணித் தட்டோடு துஷாந்தி வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் சுலக்சனின் கன்னத்தைத் தட்டினாள்.

"தம்பின்ர முழுப்பேர் என்ன?"

"பி. சுலக்சன்," என்றான் பிள்ளை, முன்பள்ளியில் பழகியபடி நிமிர்ந்து நின்று.

வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். துஷாந்தி கணவனைப் பார்த்தாள். ஒரு சொல் போதும்.

பிரதாபன் கதிரையிலிருந்து சிரித்தான்.

"சுலக்சன் எண்டு மட்டும் சொன்னாப் போதும், தம்பி."