கரண்டி கேட்டுப் போனவள்

மகள் உதைத்த உதையில் மலர்வளையம் அதன் மரச்சட்டத்தோடு வாசலைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. சட்டத்தின் ஒரு கால் முறிந்தது. ‘பகுதி நலச் சங்கம்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்த நாடா சாக்கடை ஓரமாகச் சுருண்டு கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"எவன் இதை எங்கம்மா தலைமாட்டுல கொண்டாந்து வெச்சது? இன்னொண்ணு இருந்தா கொண்டு வாங்க. அதையும் உதைக்கிறேன்."

அவளுடைய அப்பா மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருப்பவர். உள்ளேயிருந்து ஓடி வந்து அவர் முதலில் செய்த காரியம், அந்த வளையத்தைத் தூக்கி நிறுத்தப் பார்த்ததுதான். கால் முறிந்த சட்டம் நிற்கவில்லை. சுவரோடு சாய்த்து வைத்தார். உதிர்ந்த பூவைக் கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கினார். பிறகு சங்கத் தலைவரைப் பார்த்து, "மனசுல வெச்சுக்காதீங்க சார். ரெண்டு நாளா தூங்கல அது" என்றார்.

"நீ இவங்ககிட்ட மன்னிப்பு கேக்குறியாப்பா?"

"உள்ள போம்மா."

"போக மாட்டேன். எங்கம்மா வாசல்ல கிடக்குறப்ப நான் எங்க உள்ள போறது?"

கூடத்தில் இடம் போதாமல் பெட்டியை வாசல் பந்தலுக்குக் கீழே இரண்டு முக்காலிகளின் மேல் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவளைத் தெருவில் எல்லோரும் கரண்டி அக்கா என்றுதான் சொல்வார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பாதித் தெரு முழிக்கும்.

அவள் செய்துவந்த வேலை இதுதான். எந்த வீட்டிலாவது பாத்திரம் சுவரில் மோதும் சத்தமோ, ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தமோ கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவாள். கதவைத் தட்டுவாள். "ஒரு கரண்டி குடுங்களேன், எங்க வீட்டுது காம்பு உடைஞ்சு போச்சு" என்பாள். என்ன சண்டை என்று கேட்கமாட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட உற்றுப் பார்க்கமாட்டாள். உள்ளே போய் உட்காருவாள், தண்ணீர் கேட்பாள், வெங்காயம் விற்கிற விலையைப் பற்றிப் பேசுவாள். பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறவனிடமே, "தம்பி, உங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாமே?" என்று விசாரிப்பாள். பதில் சொல்வதற்காக அவன் பெல்ட்டை எங்காவது வைத்தாக வேண்டும். அவன் மூச்சு ஆறும்வரை எழுந்திருக்கமாட்டாள். கரண்டியோடு திரும்புவாள். மறுநாள் ஆண்கள் வேலைக்குப் போனபிறகு அதைத் திருப்பிக் கொடுக்கப் போவாள்.

"வாங்குற சாக்குல ஒரு தடவ, குடுக்குற சாக்குல ஒரு தடவ. ரெண்டு தடவ பாத்துடலாம்ல?" என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள். மகள் பிறப்பதற்கு முன்பிருந்து இதைச் செய்துவந்தாள். எவனோ கதவை அறைந்து சாத்தியதில் ஒருமுறை கட்டைவிரல் நகம் பிய்ந்து வந்தது. இன்னொருவன் முகத்தில் துப்பினான். அவர் கத்துவார்: "ஊர்ல இருக்கற அடியெல்லாம் உனக்குத்தான் வரணுமா?" ஆனாலும் இவளைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார்களா என்ற ஏக்கம் அவருக்குள் இருந்தது. அதை அவளிடமே சொன்னதில்லை.

அதனால்தான் சங்கம் ‘பாராட்டப்படாத சேவையாளர்களுக்குப் பாராட்டு விழா’ என்று அறிவித்து, முதல் ஆளாக இவளைத் தேர்ந்தெடுத்தபோது, கடையை மதியமே அடைத்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது. தலைவர் நல்ல பேச்சாளர். கரண்டி கேட்கிற தந்திரத்தை மைக் முன்னால் நடித்தே காட்டினார். கதவைத் தட்டினார், பெண் குரலில் கரண்டி கேட்டார், தண்ணீர் குடித்தார். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போவது எதற்காக என்பதையும் விளக்கினார். "இனிமே இந்தம்மா கரண்டி கேட்டு வந்தாங்கன்னா என்ன அர்த்தம்? ஆம்பளைங்க எல்லாம் பெல்ட்ட எடுத்து இடுப்புல கட்டிக்கணும்னு அர்த்தம்!" என்றார். அரங்கமே சிரித்தது. காயில்காரரும் சிரித்தார், கை தட்டினார். கேடயத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் சொல்லிட்டாரே" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை எதிர்வீட்டு மாடியில் சத்தம் கேட்டது. சங்கச் செயலாளரின் தம்பி குடியிருக்கும் வீடு. இவள் படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பியே இவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, "வழுக்கி விழுந்துட்டாங்க! படியில வழுக்கி விழுந்துட்டாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். மருத்துவமனையிலும் அதையேதான் சொன்னான். அங்கேயும் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. நேற்று மதியம் மூச்சு நின்றது. தம்பிக்காரன் நேற்றிலிருந்து ஊரில் இல்லை.

"கொஞ்சம் இப்படி வாங்க" என்று தலைவர் காயில்காரரின் தோளில் கை போட்டு, பந்தலுக்கு வெளியே, மின்கம்பத்தடிக்குக் கூட்டிப்போனார். "உங்க பொண்ணு பேசுனத நான் காதுலயே வாங்கல. ராத்திரி கமிட்டி கூடிச்சு. சங்கத்துக்குக் கட்டிக்கிட்டிருக்கோமே புதுக் கூடம், அதுக்கு அவங்க பேரு. கல்லுல செதுக்கி வைக்கிறோம். கரண்டி அக்கான்னு இல்ல, அவங்க சொந்தப் பேரு. உள்ள நுழையுற இடத்துல ஆள் உயரத்துக்குப் படம்."

காயில்காரருக்கு ஒரு கணம் அந்தக் கல் கண்ணில் தெரிந்தது. வெயில் படுகிற சுவர். அதில் அவள் பெயர்.

"நல்லது சார்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. போலீஸ்காரர் வந்திருக்காரு. சும்மா ஒரு சம்பிரதாயம். சந்தேகம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வண்டி கிளம்பிடும். இல்லன்னு வைங்க, திரும்ப ஆஸ்பத்திரி, அறுக்குறது, தைக்கிறது... அந்தம்மா உடம்புக்கு இது தேவையா, சொல்லுங்க?"

காயில்காரர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். விடிகாலையில் அவரும் மகளும்தான் அவளுக்குப் புடவை மாற்றினார்கள். அப்போது அவளுடைய இடது கையைப் பார்த்தார். இரண்டு விரல்கள் புறங்கைப் பக்கமாக மடங்கியிருந்தன. முன்கையில் நீளமாக ஒரு கறுப்பு. தலையை மறைக்கக் கையைத் தூக்கியவர்களுக்குத்தான் அந்த இடத்தில் அடி விழும். மகள் பார்ப்பதற்குள் புடவைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடியிருந்தார்.

பந்தலில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் தன் தம்பியின் மனைவியை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அழைத்துக்கொண்டு என்றா சொல்வது? அவளுடைய முழங்கைக்கு மேலே பிடித்திருந்த பிடியில் அவர் விரல்நுனிகள் வெளுத்திருந்தன. அந்தப் பெண் அந்த வெயிலிலும் தலையைச் சுற்றித் துணி போட்டிருந்தாள். பெட்டிக்கு அருகில் வந்ததும் நின்றாள். அழவில்லை.

"வந்துட்டாளா?" என்று மகள் பாய்ந்தாள். "எங்கம்மா உனக்காகத்தானடி படியேறுனா? போலீஸ்கிட்ட என்னடி சொன்ன? வழுக்கி விழுந்தாளா? விரல் ரெண்டும் பின்பக்கமா திரும்பியிருக்கே, படியா திருப்புச்சு? நீ மூடி வெச்சா எனக்குத் தெரியாதாப்பா? சொல்லுடி! வாயத் தொறந்து சொல்லு!"

கையை ஓங்கினாள். அடி விழுவதற்கு வெகு முன்பே அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன, முகம் தோளுக்குள் புதைந்துவிட்டது, முழங்கால் மடங்கிவிட்டது. எல்லாம் ஒரே அசைவில் நடந்தது. நிறையப் பழகிய உடம்பு அது.

காயில்காரர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். செப்புக் கம்பி இழுத்து இழுத்துக் காய்த்த கை அது. அவளால் உதற முடியவில்லை.

"விடுப்பா!"

"வேணாம்."

"நம்ம அம்மாப்பா!"

"அதனாலதான் சொல்றேன். வேணாம்."

ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணிடம், "உக்காரும்மா" என்றார். அவள் செயலாளரைப் பார்த்தாள். "அவர எதுக்குப் பாக்குற? எங்க வீட்டு நாற்காலிதான், உக்காரு." அவள் உட்கார்ந்தாள். பால்காரம்மா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டு, "குடி. என் வீட்டுக் கரண்டி இந்த வீட்டுக்கு வந்து போன அளவுக்கு நான் என் அம்மா வீட்டுக்குப் போனது கிடையாது" என்று முணுமுணுத்தாள். யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். காயில்காரர் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தலைவருக்கு முகம் தெளிந்தது. போலீஸ்காரருக்குக் கண் காட்டினார். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. சாவுல சந்தேகம் ஏதும் உண்டா? இல்லன்னா சொல்லிடுங்க, எடுத்துடலாம்."

"இருக்கு" என்றார் காயில்காரர்.

"என்ன சொன்னீங்க?"

"சந்தேகம் இருக்கு. அவ விழல. அடிச்சிருக்காங்க. கைய வந்து பாருங்க."

பெட்டிக்குள் கையைவிட்டுப் புடவைத் தலைப்பை விலக்கப் போனார். அதற்குள் செயலாளரின் கைமுட்டி அவர் வாயில் இறங்கியது. கீழ் உதடு பல்லுக்கும் முட்டிக்கும் நடுவே மாட்டிப் பிளந்தது. அவர் நாற்காலிகளின் மேல் மல்லாந்து விழுந்தார். விழுந்த இடத்திலேயே விலாவில் ஓர் உதை விழுந்தது. "சோறு போட்ட தெருவுக்கா துரோகம் பண்ற? கூடம் வேணாமாடா உனக்கு? பேரு வேணாமாடா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உதை. போலீஸ்காரர் செயலாளரின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் இருவரும் பெட்டியில் மோதினார்கள். முக்காலி ஆடியது. மகள் ஓடிவந்து பெட்டியைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பால்காரம்மாதான் முதலில் நாற்காலியைத் தூக்கினாள். செயலாளரின் முதுகில் அது இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்வது கடினம். மூலைவீட்டுப் பெண், தையல்கடைக்காரி, இன்னும் மூன்று நான்கு பேர், வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவர்கள், செருப்பாலும் சொம்பாலும் அடித்தார்கள். ஒருத்தி அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "போதும்மா, விடுங்கம்மா, செத்துடுவாரு!" என்று போலீஸ்காரர் குறுக்கே படுத்துத் தடுத்தார். அவருக்கும் விழுந்தது.

இந்த இரைச்சலுக்குள் மாடிவீட்டுப் பெண் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு முதலில் கேட்டது. அவர்கள் அடங்கினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் அடங்கினார்கள். கடைசியில் அவள் குரல் மட்டும்தான் இருந்தது. தண்ணீர்ச் சொம்பை மடியில் வைத்து, அதையே பார்த்தபடி பேசினாள்.

"...படி இல்ல. குக்கர். கரண்டி இருக்குமான்னு கேட்டாங்க. இவரு கதவ நல்லாத் தொறந்து விட்டாரு. 'வாங்க வாங்க, மீட்டிங்ல சொன்னாங்களே, அதுதானா இது'ன்னு சிரிச்சாரு. 'அப்ப நான் பெல்ட்டக் கட்டிக்கணுமோ'ன்னு கேட்டாரு. அவங்க உக்காந்துட்டாங்க. தண்ணி கேட்டாங்க. நான் எடுக்கப் போனேன். சிரிச்சுக்கிட்டேதான் குக்கரத் தூக்குனாரு. மொத அடிக்குக் கையத் தூக்குனாங்க. அப்புறம் தூக்கல."

தலையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். காதுக்கு மேலே முடியும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தது. "இது என்னுது" என்றாள்.

தலைவர் பின்னால் கையைத் துழாவி ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அவர் வாய் திறந்தே இருந்தது. காயில்காரர் தரையில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார். தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

போலீஸ்காரர் கிழிந்த சட்டைப் பையைத் தடவி ஃபோனைத் தேடி எடுத்து நிலையத்துக்குப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "உடம்பு திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஐயா. இன்னிக்கி அடக்கம் முடியாது" என்றார்.

"போகட்டும்."

பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மகளும் மாடிவீட்டுப் பெண்ணும் பின்னால் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பெட்டி நகராமலிருக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்தில் வண்டி திரும்ப இடமில்லை. வந்த வழியே பின்பக்கமாகத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் வாசற்படிகள், நிறுத்திய சைக்கிள்கள், நடுவே சாக்கடை மூடி. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாராச்சும் பின்னாடி நின்னு சொல்லுங்க. கண்ணாடில ஒண்ணும் தெரியல" என்றான்.

காயில்காரர் போய் நின்றார். ஒரு கையால் துண்டை உதட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துண்டு சிவந்துகொண்டே வந்தது. மறு கையால் வண்டியின் பின்கதவைத் தட்டினார். வாசல்களில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் படிகளில் பின்வாங்கி வழி விட்டார்கள்.

"வா... வா... இடது பக்கம் ஒடி... இன்னும் ஒடி... மெதுவா வா, பள்ளம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னோக்கி நடந்தார். "மெதுவா. மெதுவா. குலுங்கப் போவுது."