பஸ்ஸை எடுக்கலாம்

மதிய ஷிப்ட் விடும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் போன் கம்பெனி கேட்டுக்கு வெளியே மூன்று பேர் நின்றிருந்தோம்: நான், என் மனைவி ஜெர்சி, பஸ் கான்ட்ராக்டர் நாகப்பன். ஜெர்சி இதே கம்பெனியில் ஆறு வருஷம் டெஸ்டிங் இன்ஜினியர். வேலையை விட்டுவிட்டு, தண்டலத்தில் ஒரு மாடி அறை பிடித்து, சொந்தமாக ஒரு ஆப் செய்திருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் பெண்களின் போனில் மணி அடிக்கும். ‘வரேன்’ என்று அமுக்கினால் பஸ் காத்திருக்கும். எல்லாரும் ஓ.டி.யில் மாட்டிக்கொண்டு யாருமே அமுக்காவிட்டால், ‘எடுக்கலாம்’ என்று டிரைவரின் போன் சொல்லிவிடும். நாகப்பன் இன்று தன் பஸ்களுக்கு அதை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டால் அவள் தொழில் நிலைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை பழைய வேலை. எனக்குக் காலையிலிருந்து தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. அவளோ இரண்டு தட்டு பொங்கலை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

மணி சரியாகத்தான் அடித்தது. ஆனால் கேட்டை ஒட்டிய லாக்கர் ரூமுக்குள் அடித்தது. அத்தனை போனும் சேர்ந்து அலற, தகரப் பெட்டிகள் கடகடவென்று ஆடின. செக்யூரிட்டி அமலா பதறி வெளியே ஓடி வந்தாள்.

“ஏங்க... போன உள்ள வுட மாட்டாங்கல்ல?” என்றாள் ஜெர்சி.

போன் தயாரிக்கிற கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. ஆறு வருஷம் தினமும் தன் போனை அங்கே பூட்டிவிட்டுப் போனவளுக்கு அது நினைவில்லை. ஒரகடத்தில் என் கம்பெனியிலும் அதே சட்டம்தான், எனக்கும் உறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

யாரும் ‘வரேன்’ அமுக்கவில்லை. ரோட்டோரம் காத்திருந்த டிரைவர்களின் போன் ‘எடுக்கலாம்’ என்றது. வல்லக்கோட்டை போகிற பஸ் முதலில் கிளம்பியது. பின்னாலேயே மற்றதெல்லாம், காலியாக, வரிசையாக. வெளியே வந்த பெண்கள் வெறும் ரோட்டைப் பார்த்து, “இன்னாடி, ஒரு வண்டியும் காணோம்!” என்று கத்திச் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாகப்பன் வாயைப் பிளந்து நின்றார்.

“இன்னாம்மா இது? நான் தொண்ட கிழிய கத்துனாலும் இந்த டிரைவருங்கோ டீ குச்சிகினு நிப்பானுங்கோ. உன் போன் ஒரு வார்த்த சொல்லிச்சி, அத்தினி பேரும் எட்த்துகினு பூட்டானுங்கோ!”

“அண்ணே, லாக்கர் விஷயம் நான்...”

“அத்த அப்பால பாரு. இப்ப திரும்பி வரச் சொல்லு, பாப்போம்.”

ஜெர்சி தன் போனில் தட்டினாள். பெண்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார்கள். ஹைவேயில் ஏறப்போன வல்லக்கோட்டை பஸ் நின்றது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. பஸ் கேட்டுக்கு எதிர் டீக்கடைப் பக்கம், எங்களை நோக்கி, மெல்ல மூக்கைத் திருப்பியது.