செம்பகம் பார்க்கப் போன காலை

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் செம்பகம், அதாவது செம்போத்துப் பறவை, நிற்கிறது என்று பெரியப்பா சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா யோகநாதன் சொன்னால் எங்கள் வீட்டில் பனியும் வெயில்தான். முப்பது வருடம் உணவகக் குசினியில் சமைத்தவர். பறவைகளில் அவருக்குக் காகத்தையும் கோழியையும் தெரியும். கோழியையும் தோலுரித்த பிறகுதான் நன்றாகத் தெரியும். ரயில் பாதையோரப் பூங்காவில் 'ஊப், ஊப்' என்று கேட்டதாம். பாரிசில் அப்படி முனகுவது மரப்புறா.

அன்று பத்தரைக்குப் பொபினி குடிவரவு அலுவலகத்தில் சுரேன் அண்ணைக்கு ரொந்தேவு, சந்திப்பு நேரம். பெரியம்மாவின் அண்ணன் மகன் அவர். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்தது. வெள்ளிக்கிழமையோடு அவருடைய வதிவிடக் கார்ட் முடிகிறது. புதுப்பிக்காமல் வேலைக்கு வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். புறப்படும்போது செம்பகம் குறுக்கே போனால் காரியம் பலிக்கும் என்று பெரியப்பா எட்டரைக்கே எங்களைப் பூங்காவுக்கு இழுத்துவந்தார். நான் வந்தது அலுவலகத்தில் பிரெஞ்சு பேச. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் வீட்டில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவள் நான்தான். நான் வாயே திறப்பதில்லை என்பதை ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரத்தில் கண்டது புறாக்களும் மரத்தில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பையும். பையைப் பெரியப்பா இரண்டு தரம் செம்பகம் என்றார்.

"மாமா, ஒன்பதரை ஆகுது," என்றார் சுரேன் அண்ணை.

"பொறடா. முருங்கைக்காய் வாங்கவோ வந்தனாங்கள்?"

அப்போது கழுத்தில் தொலைநோக்கியுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். பெரியப்பா அவசரமாகப் போனில் தேடினார். செம்பகம் குயில் இனம். குயிலுக்குப் பிரெஞ்சில் குக்கூ. விரலைப் புதர்ப் பக்கம் நீட்டி, "மதாம்! குக்கூ?" என்றார்.

அவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் கையாட்டி, "குக்கூ!" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

"கேட்டனியளோ! மனுசி கண்டிட்டுது. இஞ்சைதான் நிக்குது."

பிரெஞ்சில் நெருங்கியவர்களும் குழந்தைகளும் சொல்லிக்கொள்ளும் 'ஹலோ'வும் குக்கூதான். முப்பது வருடத்தில் இந்த மனிதருக்கு ஒருவரும் அதைச் சொன்னதில்லை போலும். எனக்குள் சிரிப்பு முட்டியது; விளக்கப் போகவில்லை. அவர் ஈரப் புல்லில் முழங்காலூன்றி, புதருக்குள் தலையை விட்டு "ஊப், ஊப்" என்று கூப்பிட்டார். ஒரு நாய் பதில் சொன்னது. சுரேன் அண்ணை பைலை நெஞ்சோடு அணைத்தபடி மணிக்கூட்டையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமாவை மீறிப் போக அவருக்கு முதுகெலும்பு இல்லை.

பத்து மணி தாண்டித்தான் மெட்ரோவுக்கு ஓடினோம். பொபினி வாசலுக்குப் போனபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம். காவலாளி கடதாசியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், புதிதாக ரொந்தேவு எடுக்கச் சொன்னார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

"அந்த மனுசி முதல் கண்டதாலைதான் எங்கட பலன் போயிட்டுது," என்றார் பெரியப்பா.

சுரேன் அண்ணை என்னிடம் திரும்பினார். "தங்கச்சி, அவ என்னதான் சொன்னவ?"

"ஹலோ எண்டு."

"அப்பவே உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

பெரியப்பா முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். சுரேன் அண்ணை அவர் பக்கம் திரும்பவே இல்லை. காலை முழுதும் நான் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே என்னைப் பார்த்தார்.

"நீயும் ஒரு மனுசியோ?" என்றார். அவர் என்னை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.