இரண்டு விநாடி முகவரி

"எத்தனை பர்சன்ட் முடிஞ்சிருக்கு?" என்று மேனேஜர் கேட்டபோது, சிரிப்பதா எழுந்து போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தினமும் காலை பதினோரு மணிக்கு இதே கேள்வி. கண்ணாடிச் சுவர் வைத்த அந்த அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பட்டனின் நிறத்தை மாற்றுகிறவர் எண்பது என்பார். பேட்டரிக்காரர் அறுபது என்பார். அவளோ ஒன்பது நாளாக, இருக்கிறதா இல்லையா என்றே உறுதியாகாத ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கிடைக்கிற வரைக்கும் பூஜ்யம். கிடைச்சுட்டா தொண்ணூறு."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. முப்பதுன்னு போட்டுக்கறேன்."

போட்டுக்கொண்டார். நேற்றும் முப்பதுதான் போட்டிருந்தார்.

அவர்கள் கம்பெனி ஆம்புலன்ஸ்களுக்கு டேப்லெட் செய்கிறது. ஓட்டுநரின் முன்னால் பொருத்தியிருக்கும். கூப்பிட்டவர் வீட்டு முகவரியும் வழியும் அதில் வரும். விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக நினைவகத்தைச் சின்னதாக வைத்துவிட்டார்கள். இடம் பற்றாமல் போகும்போது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத தகவல் பக்கங்களை அமுக்கிச் சுருக்கி, எண் போட்ட அறைகளில் வைத்துக்கொள்வது கர்னலின் பொறுப்பு. கேட்கும்போது விரித்துக் கொடுக்க வேண்டும். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமடி. அங்கே நடப்பது திரையில் தெரியாது, தெரிந்தால் விபரீதம் என்று அர்த்தம். அந்த அடிமடியில்தான் அவளுக்குப் பதினாறு வருஷமாக வேலை. ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. யாரோ ஓட்டுநராம், டேப்லெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம், போக மாட்டேன் என்கிறாராம். டெக்னிக்கல் ஆள் யாராவது வந்து இரண்டு வார்த்தை பேசி அனுப்பினால் தேவலை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் போனாள்.

ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக் கழுத்துப் பட்டன்வரை மாட்டியிருந்தார். சோபாவின் நுனியில், மடியில் துண்டில் சுற்றிய டேப்லெட்டோடு, டாக்டரைப் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நான் சண்டை போட வரல," என்றுதான் ஆரம்பித்தார். "போன மாசம் ஒரு நாள் மத்தியானம் ஒரு கால் வந்துச்சு. பெரியவரு வாய் கோணி விழுந்துட்டாருன்னு. ஸ்கிரீன்ல வந்த அட்ரஸ், அன்னிக்குக் காலைல நான் போயிட்டு வந்த அதே வீடு. சத்தமாப் படிச்சேன். தெரிஞ்ச வீடுதானேன்னு அப்புறம் ஸ்கிரீனப் பாக்கல, ஓட்டுனேன். போய்க் கதவத் தட்டுனா, நாங்க கூப்பிடவே இல்லைங்கறாங்க. வண்டிக்குத் திரும்பி வந்து பாக்கறேன், வேற அட்ரஸ் நிக்குது. பதினோரு நிமிஷம் போச்சு. பெரியவரு பொழச்சாரு. ஆனா ஒரு பக்கம் கை கால் வராமப் போச்சு."

"உங்க கூட இருந்தவங்க?"

"பின்னால டெக்னீஷியன் இருந்தாரு. அவர் காதுல விழாம இருந்திருக்காது. விசாரணைன்னதும் ஞாபகம் இல்லங்கறாரு." துண்டின் ஓரத்தைச் சரி செய்தார். "உங்க கம்பெனில லாக் பாத்தாங்களாம், எந்த அட்ரஸ் போச்சுன்னு பதிவாகுமே அது. அதுல சரியான அட்ரஸ்தான் இருக்காம். அதனால எனக்குக் கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க. பத்தொம்பது வருஷம் ஓட்டியிருக்கேன் மேடம். இதுக்கு, குடிச்சிட்டு ஓட்டினேன்னு எழுதியிருந்தாக்கூட மனசு ஆறும். அது பொய்னு எல்லாருக்கும் தெரியும்."

விசாரணை பதினேழு நாள் கழித்து. டேப்லெட்டை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எதற்கு வாங்கினோம் என்று லிப்ட்டில் ஏறும்போதே எரிச்சல் வந்தது.

அந்த எரிச்சல் அதற்குப் பிறகு அவளை விட்டு இறங்கவில்லை. நாற்பது டேப்லெட்டுகளை இரும்பு அலமாரியில் வரிசையாக அடுக்கி, நினைவகம் பிதுங்கும்படி வேலை கொடுத்து ஓடவிட்டாள். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாவது நாள் ஒன்று தானாக அணைந்து எழுந்தது. காரணம் தெரிந்துகொள்ள, கர்னலுக்குள் அங்கங்கே என்ன நடக்கிறது என்று எழுதி வைக்கும் வரிகளைச் சேர்த்தாள். சேர்த்த நிமிஷத்திலிருந்து நாற்பதும் உத்தமமாக நடந்துகொண்டன. வரிகளை எடுத்தால் ஒன்று விழுந்தது. போட்டால் விழவில்லை. ஆள் பார்க்கும்போது மட்டும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளும் பிள்ளையைப் போல அது அவளை மேய்த்துக்கொண்டிருந்தது. மத்தியானங்களில் நாற்பது திரைகளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வாயேன். வந்து தொலையேன்," என்று வாய்விட்டே சொன்னாள். பேட்டரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் கர்னலின் புரோகிராம் கோடை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டாம் நாள் காலை, அறையைத் திறந்து பக்கத்தை விரிக்கும் இடத்தில் கண் நின்றது. அந்த டேப்லெட்டின் சிப்புக்குள் எட்டு கோர்கள், தனித்தனியாக வேலை செய்யும் எட்டு மூளைகள். எட்டும் ஒரே நேரத்தில் அந்த அறைகளில் புழங்கும். ஒன்று விரித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அதே அறையைக் காலி செய்து வேறு பக்கத்தை வைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் பூட்டு. இங்கே பூட்டைப் போட்டு, அறை எண்ணைக் குறித்துக்கொண்டு, பூட்டை எடுத்துவிட்டு, பிறகு விரித்தார்கள். குறித்ததற்கும் விரித்ததற்கும் நடுவே ஒரு சந்து. கண்ணிமைப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்தில் இன்னொரு கோர் நுழைந்து காலைப் பயணத்தின் பக்கத்தை அதே அறையில் வைத்துவிட்டால், மத்தியான முகவரி கேட்டவனுக்குக் காலை முகவரி கிடைக்கும். கூடவே மற்றதெல்லாம் குழம்பி, இரண்டு விநாடியில் டேப்லெட் அணைந்து எழும். எழுந்ததும் சரியான முகவரியைக் காட்டும். அதற்குள் ஓட்டுநர் கிளம்பியிருப்பார். அவள் சேர்த்த வரிகள் எல்லோரையும் கொஞ்சம் தாமதப்படுத்தி, அந்தச் சந்தையே அடைத்துக்கொண்டிருந்தன.

அந்த வரியை யார் மாற்றினார்கள் என்று பார்த்தாள். பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி மாற்றியிருந்தான். அடியில், பரிசீலித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

தம்பி அப்போது அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து, வேலை நிரந்தரமாகும் தறுவாயில் இருந்தான். பூட்டை எடுத்ததில் டேப்லெட் இரண்டு பங்கு வேகமாக ஓடியது. மேடையில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அவள் பரிசீலனையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: நடுவில் அறை காலியானால்? அவன் எழுதியிருந்த பதில், நடைமுறையில் நடக்காது. அதற்குக் கீழே அவள், சரி. அந்தச் 'சரி'யை எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. அம்மா போன் செய்து, அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ என்று சொல்லியிருந்தாள்.

தம்பி இப்போது வேறு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தான், வீடு மட்டும் அதே கட்டடத்தில் மேல் மாடி. மறுநாள் காலை படிக்கட்டில் பிடித்தாள். குழந்தையின் பள்ளிப் பை அவன் தோளில் தொங்கியது.

"அந்தப் பூட்டை எடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பூட்டு?" என்றான். பிறகு முகம் மாறியது. "அக்கா, அது ஏழு வருஷக் கதை."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

பையை ஒரு தோளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினான். "டெஸ்ட்ல ஒரு தடவ வந்துச்சு. ஒரே தடவ. மறுபடி எவ்வளவோ ஓட்டிப் பாத்தேன், வரல. வராததை என்னன்னு போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"நீதான் கேட்டியே. நான் சொன்னதை நம்பினியா, இல்ல நம்புற மாதிரி இருந்தா போதும்னு விட்டியா?"

அவளுக்குக் கோபம் வந்தது.

"சரி பண்ணிக்கோ," என்று இறங்கினான். இரண்டு படி போய்த் திரும்பினான். "என் பேரப் போடாதக்கா. இப்ப இருக்கற இடத்துல இது தெரிஞ்சா அசிங்கம்."

திருத்தம் எழுதுவதும் லேசில் முடியவில்லை. பக்கத்தை விரித்து முடிக்கும்வரை பூட்டை எடுக்காமல் வைத்திருந்தாள். ஆறு மணி நேரத்தில் நாற்பதில் ஒன்பது டேப்லெட் உறைந்து நின்றன. பூட்டைப் பிடித்த கோர் இடத்துக்காகக் காத்திருக்க, இடம் தர வேண்டிய கோர் பூட்டுக்காகக் காத்திருந்தது. அதைக் கலைத்துவிட்டு, அறைக்குள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் ஒரு எண் ஏறும்படியும், அந்த எண் பூஜ்யமாகாமல் யாரும் காலி செய்ய முடியாதபடியும் எழுதினாள். சோதிப்பதற்கு, பழைய கோடில் அந்தச் சந்தில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருகினாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று விழுந்தன. புதிய கோடில் அதே தாமதத்தோடு ஒரு முழு நாள் ஓடியும் ஒன்றும் விழவில்லை. சந்தோஷம் வர வேண்டிய இடம். பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் தாடைதான் வலித்தது.

திருத்தத்தோடு போகும் குறிப்பில், இந்தத் தவறு எந்த மாற்றத்தால் வந்தது என்று ஒரு வரி எழுதுவது அவர்கள் வழக்கம். அந்த வரியை எழுதினால் மாற்றியவன் பெயரும் பரிசீலித்தவள் பெயரும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எழுதினாள். காலை முகவரி, மத்தியான முகவரி, இரண்டு விநாடி, எல்லாவற்றையும் எழுதினாள்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். "வேலை பிரமாதம். வெளிய போற அறிவிப்புல மட்டும், நிலைத்தன்மை மேம்பாடுன்னு போட்டுக்கலாம்."

"அந்த ஓட்டுநருக்கு நாளைக்கு விசாரணை சார். நம்ம லாக்கைக் காட்டித்தான் அவரைக் குத்தவாளின்னு எழுதியிருக்காங்க. ஒரு கடிதம் கொடுத்தாப் போதும்."

"கடிதம் நான் கொடுக்க முடியாது. மேல கேக்கணும். மேல கேட்டா வக்கீலக் கேப்பாங்க. ஒரு மாசம் ஆகும்." அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மறுநாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். ஓட்டுநருடைய டேப்லெட் ஆம்புலன்ஸ் நிலையத்தின் சொத்து. அதைத் திருப்பிக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. திருத்தமோ தாமதமோ எதுவும் சேர்க்காமல் வந்தபடியே எடுத்துக்கொண்டாள். ஏதாவது தொட்டிருந்தால், நீங்களே செய்து காட்டுகிறீர்கள் என்பார்கள். நினைவகத்தை நிரப்ப, அன்றைக்கு ஓட்டுநர் திறந்து வைத்திருந்ததையெல்லாம் திறந்து வைத்தால் போதும். ஆனால் எப்போது விழும் என்று அவளுக்கே தெரியாது. பத்து நிமிஷமும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்.

விசாரணை அறை ஆம்புலன்ஸ் நிலையத்தின் மாடியில் இருந்தது. ஒரு நீள மேசை. அதன் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண் கிளார்க், சுவரோரமாக ஓட்டுநர். அதே காக்கிச் சட்டை, அதே இஸ்திரி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "அந்தக் கோட்ல கையெழுத்துப் போட்டது நீங்களா?"

"நான்தான். தப்பு இருக்கறதைப் பாத்தும் போட்டேன்."

கிளார்க்கின் விரல்கள் நின்று, மறுபடி ஓடின. டேப்லெட்டை மேசை நடுவில் வைத்து, மத்தியான முகவரியைத் திரையில் வரவழைத்தாள். இரண்டு விநாடிதான் காட்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். நாலு தலைகள் குனிந்தன.

கால் மணி போயிற்று. அரை மணி. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டுநர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் பிழை வரக் கூடாது என்று உயிரை விட்டவள், வந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழாவது நிமிஷம் அதிகாரியின் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்," என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

திரையில் முகவரி மாறியது. வேறு தெரு, வேறு எண், அந்தக் காலை வீடு. ஓட்டுநரின் வாய் திறந்தது. ஒன்று, இரண்டு. திரை கறுத்தது.

அதிகாரி போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது டேப்லெட் எழுந்து, சரியான முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் சொன்னாலும் அதே கதைதான்.

"என்ன, ஏதாவது வந்துச்சா?"

கிளார்க் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் வந்துபோன தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, யாரையும் கேட்காமல் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.