பிரபாவதி என்கிற பெயரில்

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஒரு ஓட்டலில் சித்ராவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. நிலத் தரகர் கோபி தினமும் அங்கே டீ குடிக்க வருவார். ஒருநாள் நேராகப் பின்பக்கமே வந்து, ஓர் ஆதார் அட்டையை அவளிடம் நீட்டினார்.

"இது யாருன்னு பாரு."

சித்ரா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். இந்தப் படத்தை எங்கே எடுத்தோம் என்றுதான் முதலில் யோசித்தாள். அதே நெற்றி, அதே ஒடுங்கிய கன்னம். ஆனால் அப்படியொரு நீலப் புடவை அவளிடம் இருந்ததே இல்லை. கீழே பிரபாவதி என்று இருந்தது.

"மண்டகப்பட்டு பக்கம். கொரோனாவுல போயிட்டாங்க," என்றார் கோபி. "புருஷன் அதுக்கு முன்னாடியே இல்ல. ஒரே பொண்ணு, ஒரகடத்துல கம்பெனி வேலை பாக்குது. இன்னும் வாரிசு சான்று கூட வாங்கல. நெலத்தோட பட்டா அந்தம்மா பேர்லயே நிக்குது. நீ வந்து ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"மாட்டிக்கினா?"

"செத்தவங்களா வந்து கேக்கப்போறாங்க? மனை பிரிச்சதும் ரெண்டு சென்ட் உன் பேர்ல எழுதித் தர்றேன்."

சித்ரா பிறந்ததிலிருந்து ஏரிப் புறம்போக்கில் இருப்பவள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அவள் கதவில் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

பதிவு நாளுக்கு முன்பே அப்பா பெயர், கணவர் பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் கோபி சொல்லிக்கொடுத்திருந்தார். பத்திர ஆபீசில் அவள் பிசகாமல் சொன்னாள். அதிகாரி ஆவணத்தைப் புரட்டிக்கொண்டே, "நிலத்துல கெணறு இருக்காம்மா?" என்றார்.

"இருக்குங்க. வடகிழக்கு மூலையில. ஒரு பக்கம் படி இடிஞ்சி கெடக்கு."

வெளியே வந்ததும் கோபி அவளை மரத்தடிக்கு அழைத்துப்போனார்.

"கெணத்தப் பத்தி உனக்கு யாரு சொன்னாங்க?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லல. நானே அந்தக் கெணத்தப் பாத்ததில்ல. ரோட்டுல நின்னு நெலத்தக் காட்டுனாங்க, அவ்ளோதான்."

யார் சொன்னார்கள் என்று எவ்வளவு யோசித்தும் சித்ராவுக்கு நினைவு வரவில்லை. இடிந்த படி மட்டும் கண்ணுக்குள் தெளிவாக நின்றது.

பத்திரத்தில் அவளுடைய செல் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, மத்தியான வேளையில் ஓர் அழைப்பு வந்தது.

"பிரபாவதியம்மாதானே? பைனான்ஸ்லேர்ந்து பேசறேங்க. நீங்க செத்துட்டதா உங்க பொண்ணு சொல்லிச்சி. கடன அப்படியே நிறுத்தி வெச்சிருந்தோம். வில்லங்கம் போட்டுப் பாத்தா போன மாசம் கிரயம் பண்ணியிருக்கீங்க."

சித்ரா குழாயை மூடினாள்.

"உயிரோட இருந்தா கட்டணுங்களே," என்றான் அவன், மரியாதையாகவே. "பொண்ணுக்கும் விஷயத்தச் சொல்லிட்டோம்."

அன்று அவள் கழுவிய தட்டுகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

"அம்மா?"

தப்பான நம்பர் என்று சொல்லத்தான் சித்ரா வாயைத் திறந்தாள். "சாப்டியாடா கலை?" என்று வந்தது.

எதிர்முனையில் அழுகை வெடித்தது. சித்ரா போனை அணைத்து அரிசி மூட்டைக்கு அடியில் தள்ளினாள். கலை என்ற பெயரை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவளே அந்த எண்ணைக் கூப்பிட்டாள். நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். "நம்ம கெணத்தாண்ட வாங்க," என்றாள் அந்தப் பெண்.

சித்ரா அந்த நிலத்துக்குப் போனதே இல்லை. ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கி யாரிடமும் வழி கேட்காமல் நடந்தாள். உச்சி வெயில். மல்லாட்டைக் கடலை விளைந்த நிலத்தில் இப்போது மஞ்சள் பூசிய மனைக் கற்கள் வரிசையாக நின்றன. வடகிழக்கு மூலையில் கிணறு. ஒரு பக்கம் படி இடிந்து கிடந்தது.

கிணற்றருகே கலைப்பிரியா நின்றிருந்தாள். பத்தடி தூரம்வரை அவள் முகத்தில் இருந்த ஆசை, பிறகு மெல்ல வடிந்தது.

"நான் உங்கம்மா இல்லம்மா. என் பேரு சித்ரா. உங்கம்மா பேர்ல நான்தான் கையெழுத்து போட்டேன்."

கலைப்பிரியா கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரில மூட்டையா கட்டிக் குடுத்தாங்க. மொகத்தக் காட்டல. நான் கேட்டேன், காட்டல. அதான், பைனான்ஸ்காரரு சொன்னதும்..."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கலைன்னு எங்கம்மா மட்டுந்தான் கூப்பிடுவாங்க. உங்களுக்கு யாரு சொன்னது?"

"தெரியலம்மா. சாமி சத்தியமா தெரியல."

அன்று சாயங்காலமே இருவரும் போலீசுக்குப் போனார்கள். சித்ரா எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றையும் கலை என்ற பெயரையும் மட்டும் சொல்லவில்லை. அதை எழுதிக்கொள்ள அங்கே இடமில்லை. கோபியும் அவளும் ரிமாண்ட் ஆனார்கள். பத்தொன்பது நாள் கழித்து அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தபோது ஏரிக்கரையில் அவள் வீடு இல்லை.

பத்திரம் செல்லாது என்று கலைப்பிரியா விழுப்புரம் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். தீர்ப்பு வரும்வரை நிலத்தை யாரும் விற்கக் கூடாது என்று தடை உத்தரவு வாங்கினார் வக்கீல். இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் பைனான்ஸ்காரன் கூப்பிடுவதை நிறுத்தினான். நிலம் திரும்பிய பிறகு வாரிசிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

சித்ரா சாட்சி சொன்ன நாளில் எல்லாம் முடிய நாலு மணி ஆகிவிட்டது. திண்டிவனம் பஸ்ஸில் சித்ரா சன்னலோரம் உட்கார்ந்தாள். காலியான சீட்டுகள் நிறைய இருந்தும் கலைப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் கலைப்பிரியா தூங்கிப்போனாள். அவள் தலை சித்ராவின் தோளில் சாய்ந்தது.

"கூட்டேரிப்பட்டுலாம் எறங்குங்க," என்று கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார். சித்ராவைப் பார்த்து, "நீங்க இங்க வரைக்குந்தானம்மா டிக்கெட் எடுத்தீங்க?" என்றார்.

"பொண்ணு தூங்குது," என்றாள் சித்ரா. "திண்டிவனத்துக்கே போட்டுக் குடுங்க."