அநேகமா சார் எழுதிய அறிவிப்பு

கப்பல் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் 'அநேகமா சார்'. வைத்தது யாரோ, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். டீ வேணுமா சார் என்று கேட்டால், "அநேகமா வேணும்" என்பார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரம் நின்று, "அநேகமா மழை பெய்யுது" என்று சொன்னதாகக்கூட ஒரு கதை உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மனைவி இருபத்தாறு வருடமாக அவரைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

மனிதர் என்ன செய்வார், அவர் பார்த்த வேலை அப்படி. கம்பெனி வெளியிடும் ஆங்கில அறிவிப்புகளை எல்லாம் எழுதுவது அவர்தான். கப்பல் நாளை வரும் என்று எழுதிவிட்டு அது வராமல் போனால் வக்கீல்கள் பிடித்துக்கொள்வார்கள். எதையும் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். இந்தப் பிழைப்புக்கென்றே ஆங்கிலத்தில் ஓர் ஏணி இருக்கிறது. மேல் படியில் 'வில் டெஃபினட்லி', கண்டிப்பாக வரும். அதற்குக் கீழே 'வில் ப்ராபப்ளி', அநேகமாக வரும். அப்புறம் 'மே வெல்', வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடைசிப் படி 'குட் பாசிப்ளி' (could possibly). ஏதோ ஒருவேளை வந்தாலும் வரலாம். வராது என்று சொல்ல வாய் வராதவர்கள் நிற்கும் இடம் அது. எதோடு எதைச் சேர்த்தால் எவ்வளவு பலம் என்று அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மேனேஜரே எழுதினாலும் சரி, ஓரத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து விழாமல் ஒரு காகிதமும் அறிவிப்புப் பலகைக்குப் போகாது.

கம்பெனியின் சரக்குக் கப்பல் ஒன்று புயலில் சிக்கித் தொடர்பு அறுந்தது. கப்பலில் பதினான்கு பேர். அதில் எலக்ட்ரீஷியனாகப் போனவன் அவருடைய ஒரே மகன்.

கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டே சிரித்தான் பையன். "ஆறு மாசத்துல கண்டிப்பா வந்துடுவேன்பா. நீங்க உடனே அதை அடிச்சிட்டு அநேகமானு போட்டுடாதீங்க." அவரும் சிரித்தார்.

லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இல்ல சார், அறிவிப்பை நானே எழுதறேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார் இவர். வேறு யாராவது எழுதினால் அவசரப்பட்டு ஒரு படி இறக்கிவிடுவார்களோ என்று பயம். தன் கை பேனாவைப் பிடித்திருக்கும் வரைக்கும் மகன் அந்த ஏணியில் ஏதோ ஒரு படியில் நின்றுகொண்டிருப்பான் என்று அவருக்குள் ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். பெற்றவனைப் போய் யார் கேட்பது?

முதல் நாள், மாலைக்குள் அநேகமாகத் தொடர்பு கிடைத்துவிடும் என்று எழுதினார். நான்காம் நாள் 'மே வெல்' வந்தது, உயிர்ப்படகுகளில் ஏறியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று. ஒன்பதாம் நாள் 'குட் பாசிப்ளி'. அந்தப் படியைவிட்டு அவர் அப்புறம் நகரவில்லை. தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்பாள், "இன்னிக்கு என்ன போட்டீங்க?" அவர் சொல்வார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இந்த வார்த்தைக்காக நடையாய் நடந்த இன்னொருத்தியும் உண்டு. அதே கப்பலில் போன ஃபிட்டரின் மனைவி. எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு பஸ் மாறி வந்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கப் பலகைக்கு முன்னால் நிற்பாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒருநாள் இவர்தான், "பாசிப்ளினு இங்க இருக்கு பாரும்மா, அப்படின்னா இன்னும் கதவை மூடலைனு அர்த்தம்" என்று சொல்லிக் காட்டினார். அன்றிலிருந்து அந்த எழுத்துகளின் உருவத்தை அவள் மனதில் வைத்துக்கொண்டாள். வருவாள், வரிவரியாக விரலை ஓட்டுவாள், அந்த வார்த்தை தட்டுப்பட்டதும் அதன்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு இறங்கிப் போய்விடுவாள்.

பதினாறாம் நாள் படிக்கட்டில் அவளுடைய அப்பா இவரைப் பிடித்துக்கொண்டார். ரிட்டயரான பஸ் டிரைவர். "சார், டாக்டர் அவளைப் படுக்கையை விட்டே எழுந்துக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. காலைப் பாத்தீங்களா, எப்படி வீங்கியிருக்குன்னு? நேத்து ரத்தம் பட்டுது சார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. அந்த வார்த்தை இருக்கற வரைக்கும் வருவேங்கறா." குரல் உடைந்தது. "மாப்பிள்ளை போனது போகட்டும். எனக்குப் பொண்ணாவது வேணும் சார்."

அன்றும் அதே வார்த்தைதான் பலகையில் இருந்தது.

பதினேழாம் நாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார். தேடப் போன கப்பல்கள் திரும்பிவிட்டன. உடைந்த உயிர்ப்படகு ஒன்று கிடைத்திருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. இன்னொரு படகு கவிழ்ந்து கிடந்திருக்கிறது. அந்தக் குளிர்த் தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். "இன்னிக்கு நீங்க எழுத வேண்டாம், டைப்பிஸ்ட் பொண்ணே எழுதட்டும்" என்றார் மேனேஜர்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் காகிதத்தைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். கையெழுத்து வேண்டுமே! தேடல் நிறுத்தப்பட்டது என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரியில், அவர்கள் வேறு ஏதாவது கப்பலில் 'குட் பாசிப்ளி' ஏறியிருக்கலாம் என்று இருந்தது.

"இதை மேனேஜர் பாத்தாராம்மா?"

"பாத்தாரு சார். உங்களுக்காக இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னாரு." அவள் கண் கலங்கிவிட்டது. "இன்னும் ஒரு வாரம் இருந்தா என்ன சார்?"

என்ன என்றுதான் அவருக்கும் தோன்றியது. ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. அவ்வளவுதான் வேலை. இன்னும் ஒரு வாரம் மகன் அந்தக் கடைசிப் படியில் நிற்பான். பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஃபிட்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். செருப்புக்குள் நுழையாத காலைத் தரையில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்த வரியை அடித்தார். மேலே வேறு எழுத வேண்டும். 'கேன்னாட் பாசிப்ளி' என்று போட்டிருக்கலாம், உயிரோடிருக்க வழியே இல்லை என்றாகும், ஆங்கிலமும் கச்சிதம். ஆனால் அதிலும் அந்த வார்த்தை இருக்கிறது, அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும். முன்னாலும் பின்னாலும் எதையும் ஒட்டவைக்காமல், பதினான்கு பேரும் இறந்துவிட்டார்கள் என்று எழுதினார். முப்பது வருடத்தில் வக்கீல்களை நினைக்காமல் அவர் எழுதிய ஒரே வரி அதுதான். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பலகைக்கு முன்னால் அவள் விரல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போனது. மறுபடியும் மேலே வந்து தேடியது. மூன்றாவது தடவை தேடும்போது அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இல்லம்மா. இனிமே அது இருக்காது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ. நான் சொல்றேன், வர மாட்டாங்க."

அவள் அழுத அழுகை மூன்று மாடிக்கும் கேட்டது. அவள் அப்பா அவளைத் தாங்கிக்கொண்டு, இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொள்ள முடியாமல் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

"இன்னிக்கு என்ன போட்டீங்க?"

"போயிட்டாங்கன்னு போட்டிருக்கு."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அநேகமாவா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருடம் அவள் கேலி செய்த வார்த்தை. "அநேகமானு ஒரு தடவை சொல்லுங்களேன்."

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்தாள்.